காலை எடு, தம்பி

(மாசி மாதம். ஏலகிரியில் மங்கலத்திலிருந்து சுவாமிமலைக்கு ஏறும் பாதை.)

ஆயா: தம்பி, காலை எடு.

இளைஞர்: காலையில் படம் எடுக்கத்தான் ஆயா, வேலூரிலிருந்து இருட்டோடு புறப்பட்டேன், 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

ஆயா: படத்தை எப்போது வேண்டுமானாலும் எடு. இப்போது காலை எடு.

இளைஞர்: இப்போது மணி பதினொன்று ஆகிறதே! செங்காந்தள் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்.

ஆயா: கார்த்திகையில் பூத்ததை மாசியில் தேடுகிறாயே, கொடி காய்ந்து கிழங்கு மண்ணுக்குள் கிடக்கிறது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு மொய்க் கவருடன் வந்தவனைப் போல இருக்கிறாய்.

இளைஞர்: பரவாயில்லை, இந்தப் புதர் முழுக்க மஞ்சளும் இளஞ்சிவப்பும் ஒரே கொத்தில் பூத்திருக்கின்றன. ‘எங்கள் வேலூர் மலையின் சொந்த அழகு’ என்று எழுதிப் போடப்போகிறேன். உன்னிச்செடி, பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம் என்று கைப்பேசி சொல்கிறது.

ஆயா: மலையை 2019-லேயே திருப்பத்தூருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், செடியோ அமெரிக்காவுடையது, இதில் உன் சொந்தம் எது? வெள்ளைக்காரன் தோட்டத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று கொண்டுவந்த செடி, என் ஆடுகள் மேய்ந்த புல்லையெல்லாம் மூடிவிட்டது. அதன் இலையைத் தின்ற ஆடு நோயில் விழுகிறது. அந்தச் செடிக்கு வலிக்குமோ என்று ஒதுங்கி நிற்கிற நீ, நம் ஊர்ப் பூவின்மேல் ஏறி நிற்கிறாய். காலை எடு.

இளைஞர்: நாளைக் காலையா?

ஆயா: செருப்புப் போட்ட காலை! குனிந்து பார், அது விஷ்ணுகிராந்தி. சுண்டுவிரல் நகமளவு நீலப் பூ, விடிந்ததும் விரிந்து உச்சிக்குள் சுருங்கிவிடும். காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்கிற செடி.

இளைஞர் (பதறி நகர்ந்து): இப்போது சரியா?

ஆயா: இப்போது தும்பையின்மேல் நிற்கிறாய்.

இளைஞர் (மீண்டும் நகர்ந்து): இப்போது?

ஆயா: மறுபடியும் விஷ்ணுகிராந்தி. என் ஆடு இங்கே வாய் வைத்தால் காடு அழிகிறது என்று விரட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீங்கள் கூட்டமாக வந்து மிதித்தால் அதற்குச் சுற்றுலா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இளைஞர்: அருமையாகச் சொன்னீர்கள்! அதையே இன்னொரு முறை சொல்லுங்கள் ஆயா, பதிவு செய்துகொள்கிறேன்.

ஆயா: சொல்கிறேன். முதலில் அந்தப் பாறைமேல் ஏறி நில். அங்கேதான் எதுவும் முளைக்கவில்லை.