கலர் என்றால் நிறம் மட்டுமன்று
2022 ஜூலை 31 அன்று சென்னை ராஜரத்தினம் மைதானத்தில் தமிழ்நாடு காவல்துறைக்கு வழங்கப்பட்ட ‘பிரசிடென்ட்ஸ் கலர்’ என்பது சீருடைக்கான புது நிறம் என்று சிலர் நினைப்பது சரியன்று. அங்கே கலர் என்பது குடியரசுத் தலைவரின் பெயரால் வழங்கப்படும் கொடி. படைப்பிரிவுகளின் சிறப்புக் கொடியை ஆங்கிலத்தில் நெடுங்காலமாக அப்படித்தான் அழைக்கிறார்கள். அதன் சின்னத்தைக் காவலர்கள் சட்டைக் கையில் அணிவதால் இந்தக் குழப்பம் வந்திருக்கலாம்.

சட்ட ஆங்கிலத்திலோ அதே சொல் போலித் தோற்றத்தைக் குறிக்கும்: இல்லாத அதிகாரத்தை இருப்பதுபோல் காட்டி அலுவலர் ஒருவர் செய்யும் முறைகேட்டை ‘கலர் ஆஃப் ஆஃபிஸ்’ என்பார்கள், மறைத்தல் என்னும் பொருள்கொண்ட வேரோடு அதன் லத்தீன் மூலத்தை மொழியியலாளர்கள் தொடர்புபடுத்துவதை நினைத்தால் இதில் வியப்பில்லை. பெட்டிக்கடையில் “ஒரு கலர் குடுங்க” என்னும்போது நாமும் நிறத்தைக் கேட்பதில்லையே!