பொம்மையை எடுக்கும் கை

"ஐந்து மாதக் குழந்தைக்கே கணக்கு தெரியுமாம்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அந்தக் குழந்தையை அழாமல் உட்கார வைத்தது யார் என்றுதான் இப்போதெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. அண்ணன் மகள் வெளிநாட்டில் ஒரு குழந்தை வளர்ச்சி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். லீவுக்குக் காரைக்குடி வந்தவளைத் துருவித் துருவிக் கேட்டதன் விளைவு இது.

அந்தக் கணக்குச் சோதனை உளவியல் ஆய்வாளர் கேரன் வின் செய்தது. 1992-இல் நேச்சர் இதழில் வந்தது. சின்ன மேடையில் ஒரு பொம்மை. திரை எழும்பி அதை மறைக்கும். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பொம்மையும் திரைக்குப் பின்னால் போகும். திரை இறங்கினால் இரண்டு இருக்க வேண்டும். சில முறை ஒன்றுதான் இருக்கும். அப்போது குழந்தைகள் கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தன; எதிர்பார்த்த எண்ணிக்கை இல்லையே என்று திகைத்ததால்தான் என்பது விளக்கம். சரி, இன்னொரு பொம்மை எங்கே போனது? மறைவில் இருக்கும் ஒருவர் நைசாக எடுத்துவிடுவார். சின்னச் சத்தம் வந்தாலும் போச்சு. குழந்தை சத்தத்தைக் கேட்டுப் பார்த்ததா, கணக்கு இடித்ததால் பார்த்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கைக்குச் சொந்தக்காரரான ஆய்வக உதவியாளரைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு வரி வராது.

வேலை அதோடு முடிவதில்லை. குழந்தை தூங்கி எழுந்து, பால் குடித்துத் தெளிவாக இருக்கும் நேரத்தைக் கேட்டு வரச்சொல்ல வேண்டும். ஒப்புதல் படிவத்தை நிதானமாக விளக்க வேண்டும். குழந்தை அம்மா மடியில்தான் இருக்கும். அம்மா பார்க்கிற பக்கம் அதுவும் பார்த்துவிடும் என்பதால் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கறுப்புக் கண்ணாடி. சோதனை சில நிமிடங்கள்தான். அப்புறம் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, எப்போது பார்த்தது, எப்போது திரும்பியது என்று பிரேம் பிரேமாகக் குறிக்க வேண்டும். எந்தக் காட்சி ஓடியது என்பது குறிப்பவருக்குத் தெரியக் கூடாது. இரண்டாவது ஆள் தனியாகக் குறித்து, இருவர் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். பாதியில் அழுது முடித்துவைத்த குழந்தை கணக்கில் சேராது. (எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒன்றுகூடத் தேறியிருக்காது.)

குழந்தை ஆய்வில் தரவு இந்த உதவியாளர்கள் கையில்தான் உண்டாகிறது. அவர்களை ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரையில் ஒரே வரியில் அடைப்பது அநியாயம் என்பது என் கட்சி.

நம்மூரில் இப்படி ஒரு ஆய்வகம் வந்தால்? படிவத்தில் கையெழுத்து அம்மாவுடையது, முடிவு அப்பத்தாவுடையது. வீடியோ என்றதுமே "கண்ணு பட்டுரும்" என்பார். அதைக்கூடப் பேசிச் சரிக்கட்டலாம். அதே குழந்தையை மூன்றாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் பார்க்க வேண்டிய ஆய்வு என்றால்தான் சிக்கல். தலைப்பிரசவத்துக்குக் கோட்டையூர் வந்த பெண், பிள்ளையோடு சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ திரும்பிவிடுவாள். பேராசிரியரின் கட்டுரையில் அது 'விடுபட்டோர்' என்ற வெறும் எண். அவள் திருவிழாவுக்கு வருவாளா, காதுகுத்துக்கு வருவாளா என்று அந்த வீட்டில் விசாரித்து வைத்து, வந்த வாரத்தில் பிடிக்கத் தெரிந்த ஒருத்தி இருந்தால்தான் ஆய்வு தேறும்.

அப்படிப்பட்டவர்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலத்திலிருந்து அங்கன்வாடிப் பணியாளர்கள் குழந்தைகளை எடை போட்டுப் பதிகிறார்கள். இப்போது அரசின் போஷன் டிராக்கர் என்ற ஊட்டச்சத்துக் கண்காணிப்புச் செயலியிலும் ஏற்றுகிறார்கள். மேலே போகிற அறிக்கையெல்லாம் அவர்கள் தராசில் பிறந்ததுதான். மத்திய அரசு தன் பங்காகக் கொடுப்பதோ சம்பளம் இல்லை, மதிப்பூதியம்.

ஆய்வகங்களிலும் இந்த வேலை பெரும்பாலும் ஓரிரு ஆண்டு ஒப்பந்தம்தான். நிதி தீர்ந்தால் ஆள் போய்விடுகிறார். எந்த வீட்டுக்கு எப்போது போன் போடலாம் என்ற அறிவும் கூடவே போய்விடுகிறது. அடுத்து வருகிறவர் அழுகிற குழந்தையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். 2020-இல் வெளிவந்த மெனிபேபீஸ் கூட்டாய்வில், கொஞ்சிப் பேசுவது குழந்தைகளுக்குப் பிடிக்கிறதா என்று 67 ஆய்வகங்களில் 2,329 குழந்தைகளிடம் பார்த்தார்கள். அதற்கு எத்தனை போன், எத்தனை அழுகை!

"பொம்மை எடுத்தவரையெல்லாம் கட்டுரையின் ஆசிரியராக்க முடியுமா?" என்கிறார் பேராசிரியர் நண்பர் ஒருவர். ஆக்க வேண்டாம் சார். யார் எதைச் செய்தார் என்று 14 வகையாகப் பிரித்து எழுதும் முறை பல ஆய்விதழ்களில் வந்துவிட்டது. அதேபோல இவர்கள் பெயரையும் வேலையையும் போடுங்கள். அடுத்த நிதி விண்ணப்பத்தில் கருவிக்குக் கேட்கும்போது, இவர்களுக்கு ஐந்து வருடச் சம்பளமும் சேர்த்துக் கேளுங்கள்.