கை குலுக்க வைத்தால் சண்டை தீர்ந்துவிடுமா?

அக்கம்பக்கத்தில் இரண்டு குடும்பங்களுக்குள் தகராறு வந்தால் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? இருவரையும் அழைத்து, "நடந்தது நடந்துவிட்டது, விட்டுக்கொடுத்துப் போங்கள்" என்று சொல்லி, கை குலுக்க வைத்து அனுப்பிவிடுகிறார்கள். நிம்மதி யாருக்கு? நடுவில் நின்றவர்களுக்குத்தான். பாதிக்கப்பட்டவர் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அடுத்த சண்டைக்கு அன்றைக்கே விறகு அடுக்கியாகிவிட்டது. இந்த வேலைக்கு 'மறுசீரமைப்பு நீதி' என்று புதுப் பெயர் சூட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மறுசீரமைப்பு நீதி என்பது வேறு: தவறு செய்தவர் அதை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவரை நேரில் சந்தித்து, இழப்பைச் சரிசெய்யும் முறை. அதன் தொடக்கமாகப் பலரும் சொல்லும் சம்பவத்தைப் பாருங்கள். 1974இல், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிற்றூரில், குடித்திருந்த இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் விளைவித்தார்கள். டயர்களைக் கிழித்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள். இவர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்திக்கட்டும் என்று மார்க் யான்ட்சி என்ற நன்னடத்தை அதிகாரி யோசனை சொன்னார். முதலில் தயங்கிய நீதிபதி பிறகு சம்மதித்தார். இளைஞர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். 'நாங்கள்தான் செய்தோம்' என்று ஒப்புக்கொண்டார்கள். இழப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். சில மாதங்களில் பணத்தோடு திரும்பி வந்து ஈடுசெய்தார்கள்.

இதை நெகிழ்ச்சிக் கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: இளைஞர்கள் போனது கணக்குக் கேட்டு அடைப்பதற்கு. மன்னிப்பதும் மன்னிக்காமல் இருப்பதும் கதவைத் திறந்தவர் விருப்பம்.

முன்னேற்பாடு இல்லாமல் இப்படிக் கதவைத் தட்டுவதை இன்று இத்துறையில் யாரும் ஏற்க மாட்டார்கள். உண்மையான வேலை சந்திப்புக்கு முன்பே நடக்கிறது. நடத்துபவர் இரு தரப்பையும் தனித்தனியாகப் பார்த்து, குறுக்கிடாமல் கேட்க வேண்டும். இரவில் பாட்டுச் சத்தம் என்று ஒருவர் புகார் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக உட்கார்ந்து கேட்டால், சத்தத்தைவிட அவரைச் சுட்டது, கதவைத் தட்டிச் சொல்லப் போன இரவில் தன் மகன் எதிரிலேயே "உனக்கு வேறு வேலையே இல்லையா?" என்று கிடைத்த பதில்தான் என்று தெரியவரும். இது தெரியாமல் கூட்டம் போட்டால், ஒலி அளவைப் பற்றி மணிக்கணக்கில் பேசி முடித்த பிறகும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவார்கள்.

சந்திப்பில் கேட்கப்படும் கேள்விகளும் முக்கியம். 1991இல் ஆஸ்திரேலியாவின் வாகா வாகா நகரில் டெர்ரி ஓ'கானல் என்ற காவல்துறை அதிகாரி இத்தகைய சந்திப்புகளை நடத்தத் தொடங்கினார். அவர் உருவாக்கிய கேள்வி வரிசை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? பிறகு என்ன நினைத்தீர்கள்? இதனால் யார் யார் பாதிக்கப்பட்டார்கள்? சரிசெய்ய என்ன செய்ய வேண்டும்? இந்த வரிசையில் 'ஏன் செய்தாய்?' இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏன் என்று கேட்டால் சாக்குத்தான் வரும். இல்லாவிட்டால் 'அவன்தான் முதலில் ஆரம்பித்தான்' என்று வரும்.

சின்னச் சச்சரவுக்கு மட்டுமே இது சரிப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். குற்றவியல் ஆய்வாளர்கள் லாரன்ஸ் ஷெர்மன், ஹெதர் ஸ்ட்ராங் இருவரும் ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியிட்ட அறிக்கை அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. லேசான குற்றங்களைவிட, வன்முறைக் குற்றங்களில்தான் இந்தச் சந்திப்புகள் மறுபடி குற்றம் செய்வதைக் குறைப்பதில் அதிகம் பலனளித்திருக்கின்றன. அதற்காக எல்லாவற்றையும் வட்டமாக உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடலாம் என்று கிளம்பிவிட வேண்டாம். செய்தவர் 'செய்தேன்' என்று ஒப்புக்கொள்ளாத இடத்தில் இதற்கு வேலையே இல்லை. ஒருவருக்கு மற்றவர்மேல் பயம் இருக்கும் இடத்தில், குறிப்பாகக் குடும்ப வன்முறையில், அரைகுறைப் பயிற்சியோடு இறங்குவது ஆபத்து. அங்கே சட்டமும் பாதுகாப்பும்தான் முதலில். வர விருப்பமில்லை என்று பாதிக்கப்பட்டவர் சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. 'ஊர் நன்மைக்காக வாருங்கள்' என்று நெருக்குவது இன்னொரு அநியாயம்.

நடத்துபவர் யார் என்பதிலும் எனக்குக் கறாரான கருத்து உண்டு. குடியிருப்போர் சங்கத் தலைவர் வேண்டாம். அவருக்கு அடுத்த தேர்தல் இருக்கிறது. இரு தரப்பிலும் கடன்படாத, தீர்ப்புச் சொல்ல ஆசையில்லாத ஒருவர் வேண்டும். இரண்டாவது தகுதியோடு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

கடைசியில் எழுதப்படும் உடன்பாட்டில் 'இனி ஒற்றுமையாக இருப்போம்' என்ற வரி இருந்தால் அதை அடித்துவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி இல்லை. மீறினால் முதலில் தொலைபேசியில் சொல்வது. ஒரு மாதம் கழித்து மறுபடி சந்திப்பது என்று, பார்த்தாலே நடந்ததா இல்லையா என்று தெரிகிற மாதிரி எழுத வேண்டும். எல்லோரும் மறந்துபோவது அந்த ஒரு மாதத்துச் சந்திப்பைத்தான். அதற்கு யார் எல்லோரையும் அழைப்பது என்பதையும் அதே தாளில் பெயரோடு எழுதிவிடுங்கள்.