புரோக்கர் கையெழுத்து இல்லாமலும் பத்திரம் பதிவாகும்

"கடலூர்ல புரோக்கர் சாட்சிக் கையெழுத்து போடலேன்னா பத்திரம் பதிவாகாது, அவருக்கு 2% கமிஷன் சட்டப்படி தரணும்"னு மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கார். இரண்டுமே தவறு. இங்க கடலூர் மஞ்சக்குப்பத்துல வீட்டை விற்க நினைக்கிற வயசானவங்க யாராவது இதை நம்பிடுவாங்களேன்னுதான் எழுதறேன்.

பதிவுக்குத் தேவை இரண்டு சாட்சிகள். உங்களைத் தெரிஞ்ச, அடையாள அட்டை உள்ள பெரியவங்க யாரா இருந்தாலும் போதும், பக்கத்து வீட்டுக்காரரே வரலாம். கமிஷன்ங்கறது நீங்களா பேசி ஒத்துக்கிட்ட தொகை. ஆளே வைக்கலேன்னா யாருக்கும் கடன் இல்லை. 2% ஒண்ணு உண்மையிலேயே இருக்கு, ஆனா அது அரசுக்குப் போற பதிவுக் கட்டணம். 2023 ஏப்ரல்ல 4%லிருந்து குறைச்சாங்க. அதோட முத்திரைத் தீர்வை 7%. வழக்கமா இரண்டையும் வாங்கறவர்தான் கட்டுவார்.

வில்லங்கத்தை, அதாவது வீட்டு மேல பதிவான அடமானம், விற்பனை மாதிரி விவரங்களை, தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்துலேயே காசில்லாம பார்க்கலாம். (பாகூர் பக்கம் வீடுன்னா அது புதுச்சேரி, இந்தத் தளத்துல வராது.) பத்திரம் எழுத பத்திர எழுத்தரோ வக்கீலோ போதும்.

நிஜமா கவனிக்க வேண்டியது வேற. பார்க்க வர்றவங்ககிட்ட மூலப் பத்திரத்தோட ஜெராக்ஸை மட்டும் கொடுங்க. அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்காதீங்க, வாங்கின அளவுக்கே அபராதம் வரலாம். வங்கி வழியாவே வாங்குங்க. விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா வாங்கறவர் 1% வரி பிடிச்சுத்தான் தருவார், அதைக் குறைச்சுக் கொடுத்துட்டார்னு சண்டைக்குப் போகாதீங்க.