மூக்கு மட்டும் குடிக்கிறது

மச்சான்: ம்ஹூம், விஸ்கியை எடுத்ததும் வாயில் வைக்காதே மாப்ளே. முதலில் மூக்கு.

மாப்பிள்ளை: இரண்டு தடவை முகர்ந்தாயிற்று மச்சான்.

மச்சான்: மூக்கை அப்படிக் கிளாசுக்குள் விட்டால் 40 சதவீத ஆல்கஹால் அதை மரத்துப்போக வைத்துவிடும். கொஞ்சம் தள்ளிப் பிடி. வாயை லேசாகத் திறந்துகொள். இப்போது என்ன வருகிறது?

மாப்பிள்ளை: எச்சில்.

மச்சான்: வாசனையைக் கேட்டேன்.

மாப்பிள்ளை: ஆஸ்பத்திரி வாடை. டிஞ்சர் தடவிக் கட்டுப்போட்ட மாதிரி.

மச்சான்: சபாஷ்!

மாப்பிள்ளை: நான் குறை சொன்னேன் மச்சான்.

மச்சான்: குறையா? இதன் பெருமையே அதுதான். ஸ்காட்லாந்தில் ஐலா என்று ஒரு தீவு. அங்கத்திய சரக்கு இது. முளைகட்டிய பார்லியைப் பீட் புகையில் காயவைப்பார்கள். சதுப்பு நிலத்தில் செடிகொடி எல்லாம் காலங்காலமாக மக்கிக் கிடக்குமே, அதுதான் பீட். வெட்டி, உலர்த்தி எரிப்பார்கள். அந்தப் புகையில் இருக்கும் பீனால் என்கிற வேதிப்பொருள்தான் உன் ஆஸ்பத்திரி.

மாப்பிள்ளை: புகையே பிடிக்காதவனுக்கு முதல் தடவையே இதையா ஊற்றுவீர்கள்? சாதுவாக ஒன்றும் கிடையாதா?

மச்சான்: ஏன் இல்லை? போர்பன் என்கிற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் ஊறியது என்றால் வெனிலா வாசம். ஷெர்ரி என்கிற ஸ்பெயின் ஒயின் இருந்த பீப்பாய் என்றால் உலர்திராட்சை. அதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு.

மாப்பிள்ளை: நான் வேறு யாராம்?

மச்சான்: பேசாமல் முகர்.

மாப்பிள்ளை: கருகின கயிறு.

மச்சான்: ஆகா! மூக்கு பிடித்துக்கொண்டுவிட்டது!

மாப்பிள்ளை: இதுவும் குறைதான்.

மச்சான்: எனக்குப் பழைய நூலகம் தெரிகிறது. அப்புறம், மழையில் நனைந்த தோல் செருப்பு.

மாப்பிள்ளை: செருப்பை எப்போது கடித்துப் பார்த்தீர்கள்?

மச்சான்: கற்பனை வேண்டும் மாப்ளே.

மாப்பிள்ளை: எனக்கு இரண்டு சொட்டுத் தண்ணீர் வேண்டும்.

மச்சான்: தண்ணீரா! அது கொலை.

மாப்பிள்ளை: 2017-இல் ஸ்வீடனில் இரண்டு வேதியியல்காரர்கள் இதைக் கணினியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் சேரச் சேர, புகைவாசம் தருகிற குவையகால் என்கிற வேதிப்பொருள் மேல்பரப்புக்கு வருகிறதாம். உங்கள் செருப்பு இன்னும் பலமாக அடிக்கும்.

மச்சான்: இதை எப்போது படித்தாய்?

மாப்பிள்ளை: நீங்கள் நிறத்தைப் பற்றிப் பேசினீர்களே, அப்போது. அரை மணி நேரம் கிடைத்தது.

மச்சான்: நிறம் முக்கியம். கறுக்கக் கறுக்க வயசு கூடுதல்.

மாப்பிள்ளை: ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் கலக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது மச்சான். நாம் வயசைக் குறைக்க மீசைக்கு மை அடிக்கிறோம். அவர்கள் கூட்டிக் காட்ட அடிக்கிறார்கள்.

மச்சான்: அதை விடு. இந்த பாட்டிலைப் பார். 12 என்று போட்டிருக்கிறதா? வாங்கி அலமாரியில் பூட்டி வைத்து 6 வருடம் ஆயிற்று. இப்போது எவ்வளவு?

மாப்பிள்ளை: 12.

மச்சான்: கணக்கு வராதா உனக்கு? 18 மாப்ளே, 18!

மாப்பிள்ளை: மரப்பீப்பாயில் கிடந்த காலத்துக்குத்தான் வயசு. கண்ணாடிக்குள் போனதும் அதோடு சரி. அந்த 6 வருடத்தில் வயசானது உங்களுக்கு மட்டும்தான்.

(மச்சான் பாட்டிலைத் தடவிக் கொடுக்கிறார். சற்று நேரம் பேச்சில்லை.)

மச்சான்: பீப்பாயிலேயே விட்டிருந்தாலும் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகியிருக்கும். தேவதைகளின் பங்கு என்பார்கள்.

மாப்பிள்ளை: கொடுத்துவைத்த தேவதைகள். முகர்ந்து பார் என்று யாரும் நிறுத்தி வைப்பதில்லை.

மச்சான்: கடைசியாக ஒரு தடவை முகர்ந்துவிடு.

மாப்பிள்ளை: ஒன்று சொல்லட்டுமா? புதிதாக வருகிறவனிடம் எல்லோரும் ‘என்ன தெரிகிறது’ என்றே கேட்கிறீர்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் அவன் நாக்கு மட்டம். பிடித்திருக்கிறதா என்று ஒருத்தராவது கேட்டதுண்டா? அந்தப் பயத்தில்தான் அவனவன் தனக்குப் பிடிக்காத பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு நூலகம், செருப்பு என்று உளறுகிறான்.

மச்சான்: சரி சரி, கோபிக்காதே. கேட்டுவிடுகிறேன். பிடித்திருக்கிறதா?

மாப்பிள்ளை: இன்னும் வாயில் வைக்கவே விடவில்லையே மச்சான்!