பாம்பன் காற்றிலேயே கணக்கு இருக்கிறது

பொறியியல் முதலாண்டில் கணிதத்தில் திணறுபவர்களை இணையவழிப் பாடங்கள் கரையேற்றும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்ற இணையவழித் திட்டத்தின் பாடங்களைப் பார்க்கக் கட்டணமில்லை. ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊர்ப் பிள்ளைக்கும் சென்னைப் பிள்ளைக்கும் ஒரே பேராசிரியர். சின்ன விஷயமில்லை இது. ஆனால் அங்கேயும் நுண்கணிதம் ஒரு பாடம், கட்டடமும் பாலமும் பாரம் தாங்குவதைச் சொல்லும் கட்டமைப்பியல் வேறொரு பாடம். இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது யார்?

எங்கள் கரையிலேயே தொடங்கலாமே. பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலுக்குச் சிவப்பு விளக்கு. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 29 என்பது 58 ஆனால் விசை இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. பிளஸ் டூ மாணவரே போடக்கூடிய கணக்கு! 2025இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி செங்குத்தாக மேலெழுகிறது. எதிர் எடைகள் பாரத்தைச் சமன் செய்வதால் மோட்டாருக்கு வேலை குறைவு. 1914இல் திறந்த பழைய பாலமோ இரண்டு இறக்கைகளாக விரிந்தது, அங்கே திருப்புத்திறன், அதாவது விசையின் சுழற்றும் விளைவு. உப்புக் காற்றில் இரும்பு அரிப்பது வேதியியல், அது தனிக்கதை.

வீடியோவை இரட்டை வேகத்தில் ஓட்டிவிட்டுச் சான்றிதழ் வாங்குகிறவர்களை நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். (என் அண்ணன் மகன் இதைப் படித்தால் கோபித்துக்கொள்வான், பரவாயில்லை.) ராமநாதபுரம் மாவட்டத்துக் கல்லூரிகள் இந்தக் கணக்குகளைத் தமிழில் பத்து நிமிடப் பாடங்களாகப் படம்பிடிக்கட்டும். டிரோன் காட்சியும் பின்னணி இசையும் வேண்டாம், கரும்பலகை போதும்.