கறுப்புப் புலியின் மரபணு சொல்வது

ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் வாழும் கறுப்புப் புலிகளின் படம் வெளிவரும்போதெல்லாம் இயற்கையின் அதிசயம் என்று வியந்து பகிர்கிறோம். 2024 ஜனவரியில் அம்மாநில அரசு பாரிபதா அருகே கறுப்புப் புலிகளுக்கென்றே சஃபாரி அமைக்கப்போவதாக அறிவித்தது. அந்த நிறத்தைக் காட்சிப்பொருளாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. காரணம், அப்புலிகளின் டிஎன்ஏவிலேயே இருக்கிறது.

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, டாக்பெப் என்னும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதால்தான் கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்து உடலே கறுத்துத் தெரிகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்து சேர்ந்தால் மட்டுமே குட்டி கறுப்பாகப் பிறக்கும். இதைக் கண்டறியப் புலியை மயக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. எச்சத்தின் மேற்புறத்தில் ஒட்டியிருக்கும் குடல் செல்களும், மரப்பட்டையில் சிக்கிய ஓரிரு மயிரும், இரையின் காயத்தில் படிந்த எச்சிலும் போதும். அவற்றிலுள்ள துளி டிஎன்ஏவைப் பிசிஆர் முறையில் பெருக்கிப் படித்துவிடலாம். நாட்டின் பிற காடுகளில் சோதித்த எந்தப் புலியிடமும் இந்த மாற்றம் தென்படவில்லை. நம் வண்டலூர் பூங்காவில் பிறந்த கறுப்புக் குட்டிகளின் வேர்கூடச் சிமிலிபாலுக்கே போகிறது.

எங்கோ அபூர்வமாகத் தலைகாட்ட வேண்டிய இந்தக் கறுப்பு நிறம், 2024இல் ஒடிசா அரசு எடுத்த கணக்கெடுப்பில் சிமிலிபாலின் 27 புலிகளில் 13இல் காணப்பட்டது. வெளியிலிருந்து புதுப்புலி வராமல், ஒரு சில மூதாதையரின் வழித்தோன்றல்களே தமக்குள் இணைசேர்ந்து வந்ததன் விளைவு இது. கறுப்பு நிறம் புலிக்குக் கேடு செய்கிறது என்று எவரும் நிறுவவில்லை. ஆனால், கண்ணுக்குத் தெரியும் இந்த மாற்றம் பெருகிய அதே வழியில், கண்ணுக்குத் தெரியாத தீய மாற்றங்களும் பெருக முடியும் என்பதே என் கவலை. தானியங்கிக் கேமரா புலிகளை எண்ணித் தரும். அவற்றின் உறவுமுறையை டிஎன்ஏ மட்டுமே சொல்லும்.

2024 இறுதியில் மகாராஷ்டிரத்தின் தடோபா புலிகள் காப்பகத்திலிருந்து ஜமுனா, ஜீனத் என்ற இரு பெண்புலிகளைக் கொண்டுவந்து விட்டது சரியான முடிவு. அவற்றுள் ஜீனத் ஜார்க்கண்ட் வழியாக மேற்கு வங்கத்தின் பாங்குரா வரை நடந்தே போய்விட, அங்கு மயக்க ஊசி போட்டுத் திரும்ப அழைத்துவர வேண்டியதாயிற்று. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து விடுவதோடு வேலை முடிந்துவிடாது. காடுகளுக்கிடையே புலி தானாகவே வந்துபோகும் வழித்தடங்களை மீட்டெடுக்க வேண்டும். சஃபாரிக்கு ஒதுக்கும் பணம் முதலில் அதற்குப் போகட்டும். அதோடு, சிமிலிபாலில் இனிப் பிறக்கும் குட்டிகளின் எச்சத்தை ஆண்டுதோறும் சோதித்து, தடோபாவின் மரபு உண்மையிலேயே கலந்திருக்கிறதா என்பதை வனத்துறை பொதுவெளியில் அறிவிக்க வேண்டும்.